முகத்தை அளக்கும் 3டி கேமரா: டாக்டருக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பல் வரிசையைச் சரிசெய்ய அலைனர் போடலாமா என்று கேட்கத்தான் போன வருடம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுப்பார்கள், வாய்க்குள் மாவு மாதிரி எதையாவது அழுத்தி அச்சு எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, "நேரா பாருங்க மேடம், பல்லைக் கடிச்சுக்கோங்க, உதட்டை லூஸா விடுங்க" என்றார் டெக்னீஷியன். ஒரு ஃபிளாஷ். அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் என் தலை திரையில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் மவுஸால் என் தாடையைத் தூக்கிப் பார்த்தார். முகத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பி, அசல் முகத்தின் மேலேயே பொருத்திவைத்தார். பெரும்பாலும் பச்சை, கொஞ்சம் மஞ்சள், தாடையோரம் ஒரு சிவப்புத் திட்டு. என் தாடை லேசாக ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதாம். முப்பத்துநான்கு வருடமாக எனக்கும் தெரியாது, என்னைப் பெற்ற அம்மாவுக்கும் தெரியாது.

"இந்த ஃபைல் எங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"கிளவுட்ல மேடம்."

"யாரோட கிளவுட்?"

சிரித்தார். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திரும்ப வாங்கிப் படித்தேன். சிகிச்சை, கட்டணம், ரீஃபண்ட் பற்றியெல்லாம் இருந்தது. முகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பல் கிளினிக், சரும கிளினிக், மூக்கு அறுவை சிகிச்சை, புற்றுநோய்க் கதிர்வீச்சு, குழந்தைகளின் மரபணு நோய் என்று பல இடங்களில் இன்று முகத்தின் மேற்பரப்பை 3டி-யில் பதிவு செய்கிறார்கள். அடுத்த முறை அந்த ஸ்டூலில் நீங்கள் உட்காரலாம், அல்லது உங்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

போட்டோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் நகர்ந்ததுபோல் தெரியும். பின்னால் இருக்கும் சுவர் அவ்வளவாக நகராது. எது எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. இரண்டு கண்களுக்குப் பதிலாக, இடைவெளி துல்லியமாகத் தெரிந்த பல கேமராக்களை வைத்து, ஒரே கணத்தில் முகத்தைப் படம்பிடித்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணினி கணக்கிட்டால் கிடைப்பதுதான் இந்த 3டி முகம். இந்த முறைக்கு ஸ்டீரியோஃபோட்டோகிராமெட்ரி என்று பெயர்.

இது மருத்துவத்தில் பிறந்த நுட்பம் அல்ல. விமானத்திலிருந்து படமெடுத்து மலையின் உயரத்தையும் பள்ளத்தாக்கின் ஆழத்தையும் வரைபடமாக்கப் பயன்பட்ட நில அளவை முறை இது. 1944-லேயே தால்மான்-டேகன் என்ற ஆய்வாளர் பல் சீரமைப்பில் முகத்தை அளக்க இதைக் கையாண்டார். மூக்கு ஒரு மலை, கண்குழி ஒரு பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒன்றுதான். கையால் கணக்குப் போட்டு முடிக்கவே அப்போது நாள் கணக்காகும் என்பதால் அது மருத்துவமனைக்குள் பரவவில்லை. கணினியும் டிஜிட்டல் கேமராவும் மலிவான பிறகுதான் வேகம் பிடித்தது.

அதுவரை டாக்டர்கள் என்ன செய்தார்கள்? காலிப்பர் வைத்து அளந்தார்கள். கனடாவின் டொரொன்டோவில் வேலை பார்த்த லெஸ்லி ஃபார்கஸ் என்ற மருத்துவர், கண்ணின் வெளிமுனை, மூக்கின் நுனி, உதட்டின் ஓரம் என்று முகத்தில் குறிப்புப் புள்ளிகளை வகுத்து, ஆயிரக்கணக்கானவர்களின் முகத்தைக் கையால் அளந்து அட்டவணை போட்டார். இன்றைய மென்பொருள்கள் பல இன்னமும் அந்தப் புள்ளிகளைத்தான் தேடுகின்றன. ஆனால் ஆறு மாதக் குழந்தையின் கண்ணோரத்தில் இரும்புக் காலிப்பரை வைத்து, "அசையாதே" என்று சொல்லிப் பாருங்கள்!

அதனால்தான் இங்கே வேகம் முக்கியம். 3டிஎம்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவி சுமார் 1.5 மில்லிசெகண்டில் படத்தை எடுத்து முடித்துவிடுகிறது. கண் இமைக்க ஆகும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிழை 0.2 மில்லிமீட்டர் அளவில் என்கிறார்கள். இரண்டு தலைமுடியை ஒட்டி வைத்தால் என்ன தடிமனோ, கிட்டத்தட்ட அது. கான்ஃபீல்ட் நிறுவனத்தின் வெக்ட்ரா இன்னொரு பிரபலமான கருவி. கையில் பிடித்தே எடுக்கும் மாடலும் அதில் உண்டு. இதற்கு முன்பிருந்த லேசர் ஸ்கேனர்கள் முகத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை மெதுவாக வருடிச் செல்லும், பல நொடிகள் ஆகும். பெரியவர்களுக்குச் சரி. குழந்தை அதற்குள் இரண்டு முறை தலையைத் திருப்பிவிடும்.

உங்கள் பையிலும் இதன் உறவுக்காரர் ஒருவர் இருக்கலாம். 2017-ல் வந்த ஐபோன் எக்ஸ், முகத்தின் மேல் 30,000-க்கும் அதிகமான அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, அவை வளைந்து விழுவதை வைத்து ஆழத்தை அறிகிறது. போனைத் திறக்க அது போதும். பல கிளினிக் ஆப்கள் இதே சென்சாரைத்தான் நம்பியிருக்கின்றன. துல்லியத்தில் இது கிளினிக் கருவிக்கு ஈடாகாது. தாடையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் பெரிது.

கதிர்வீச்சு இல்லை என்பது இதன் பெரிய பலம். சிடி ஸ்கேனை ஒரு குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க எந்த டாக்டரும் யோசிப்பார். இதை வாரம் ஒருமுறை எடுத்தாலும் பயமில்லை.

பலவீனங்களும் உண்டு. தாடி, தலைமுடி, வியர்வையின் மினுமினுப்பு, கண்ணின் பளபளப்பு இவற்றில் கேமரா தடுமாறும். மூக்குத் துவாரத்தின் உட்பகுதி, காதின் பின்புறம் கேமராவின் கண்ணுக்கே படாது. லேசாகச் சிரித்தாலும் உதட்டோரம் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கருவியின் பிழை 0.2 மில்லிமீட்டர், உங்கள் புன்னகையின் பிழை அதைவிடப் பல மடங்கு. "உதட்டை லூஸா விடுங்க" என்று அந்த டெக்னீஷியன் சொன்னது சம்பிரதாயத்துக்கு அல்ல.

எங்கே உண்மையிலேயே உதவுகிறது?

உதடு பிளவு, அண்ணப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளிடமிருந்து தொடங்கலாம். உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதை 'ஒரு ஆபரேஷன், சரியாகிவிடும்' என்று நினைப்போம். அப்படியில்லை. சில மாதங்களில் உதட்டுக்கு, ஒரு வயதையொட்டி அண்ணத்துக்கு, எட்டு, பத்து வயதில் ஈறு எலும்புக்கு, பதின்ம வயது முடியும்போது மூக்குக்கு என்று சிகிச்சை பதினெட்டு வருடம்வரைகூட நீளும். முதல் ஆபரேஷன் செய்த டாக்டர் கடைசி ஆபரேஷனின்போது அந்த ஊரிலேயே இருக்கமாட்டார். குழந்தையின் பழைய போட்டோவும் புதிய போட்டோவும் வெவ்வேறு கோணத்தில், வெவ்வேறு வெளிச்சத்தில் இருக்கும். மூக்கு எவ்வளவு நிமிர்ந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

3டி பதிவு இருந்தால் இரண்டு வயது முகத்தையும் பத்து வயது முகத்தையும் நெற்றியில் பொருத்தி, எங்கே வளர்ச்சி குறைந்தது என்று மில்லிமீட்டரில் பார்க்கலாம். இரண்டு அறுவை முறைகளில் எது நல்ல பலன் தருகிறது என்ற பழைய சண்டையையும் 'எனக்கு இது அழகாகத் தெரிகிறது' என்பதைத் தாண்டி எண்களோடு பேசலாம்.

தாடை அறுவை சிகிச்சையில் இது வேறு வேலை செய்கிறது. எலும்பை சிடி காட்டும், தோலை 3டி கேமரா காட்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து டாக்டர் திட்டமிடுகிறார். ஆனால் எலும்பை 5 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினால் தோலும் 5 மில்லிமீட்டர் நகரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முகவாயில் தோல் எலும்போடு கிட்டத்தட்ட சமமாக நகரும். மேலுதடு அப்படி நகராது. உதடுகளைத்தான் மென்பொருளால் சரியாகக் கணிக்க முடிவதில்லை. 'ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் இப்படி இருப்பீர்கள்' என்று திரையில் ஒரு முகத்தைக் காட்டினால், அதில் உதட்டை மட்டும் நம்பாதீர்கள் என்று ஒரு வாசகத்தையும் காட்டுவது நியாயமாக இருக்கும்.

முகவாதம் வந்தவர்களுக்கு நரம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க 1985-ல் வந்த ஹவுஸ்-பிராக்மன் அளவுகோல்தான் இன்னமும் பரவலாகப் பயன்படுகிறது. மொத்தமே ஆறு படிகள். டாக்டர் கண்ணால் பார்த்து எந்தப் படி என்று முடிவு செய்வார். மூன்றாம் படியிலேயே மாதக்கணக்கில் நிற்கும் ஒருவருக்கு உண்மையில் ஏதாவது முன்னேற்றம் இருக்கிறதா? அசையும் முகத்தை 3டி வீடியோவாக எடுத்தால் அந்தச் சின்ன மாற்றம் தெரியும்.

அதிகம் பேசப்படாத இடம் ஒன்று உண்டு: கதிர்வீச்சு சிகிச்சை. இந்திய ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய்தான் முன்னணியில் இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம் ஆகும். ஒவ்வொரு நாளும் தலை அதே இடத்தில் அசையாமல் இருக்க, முகத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக் வலை மாஸ்க்கைப் போட்டு மேஜையோடு பூட்டுவார்கள். வீட்டில் யாராவது அதைப் போட்டிருந்தால் அந்த மூச்சுமுட்டலைச் சொல்லியிருப்பார்கள். கண், மூக்கு, வாய்ப் பகுதி திறந்த மாஸ்க்கைப் போட்டு, மேலே இருக்கும் கேமராக்கள் முகத்தின் மேற்பரப்பைத் தொடர்ந்து கண்காணித்து, குறித்த அளவுக்கு மேல் தலை அசைந்தால் கதிரை நிறுத்தும் முறை இப்போது இருக்கிறது. மூளைக் கட்டிகளுக்கு இது அதிகம் பயன்படுகிறது. கேமராவுக்குத் தெரிவது தோல் மட்டும்தான். உள்ளே கட்டி சுருங்கியிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும்தான்.

முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்ல முடியுமா?

தலைப்புச் செய்தியாவது எப்போதும் இந்தக் கேள்விதான். 'செயற்கை நுண்ணறிவு உங்கள் முகத்தைப் பார்த்து அரிய நோயைக் கண்டுபிடிக்கும்' என்ற மாதிரி செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடிப்படை உண்மைதான். டவுன், வில்லியம்ஸ், நூனன் போன்ற பல மரபணுக் குறைபாடுகள் முகத்தில் தடயம் விடுகின்றன. அனுபவமுள்ள மரபியல் மருத்துவர் அறைக்குள் நுழையும் குழந்தையைப் பார்த்ததுமே சந்தேகப்படுவார். அந்தக் கண்ணைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று 2000-களில் லண்டனில் பீட்டர் ஹாமண்ட் என்ற கணினி அறிவியலாளர் 3டி முகங்களை வைத்து முயன்றார். ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆன முகப் பரப்புகளின் சராசரியை எடுத்து, ஒரு குழந்தையின் முகம் எந்தச் சராசரிக்கு நெருக்கம் என்று பார்ப்பதுதான் முறை.

இதில் பெரிய ஆய்வு ஒன்று 2020-ல் 'ஜெனெடிக்ஸ் இன் மெடிசின்' இதழில் வந்தது. கனடாவின் பெனெடிக்ட் ஹால்கிரிம்சன் தலைமையிலான குழு 7,057 பேரின் 3டி முகங்களை எடுத்துக்கொண்டது. அதில 3,327 பேருக்கு 396 விதமான குறைபாடுகள் இருந்தன. 727 பேர் அவர்களின் உறவினர்கள். 3,003 பேர் சம்பந்தமில்லாத, பாதிப்பில்லாதவர்கள். உறவினர்களைச் சேர்த்தது புத்திசாலித்தனம். 'அப்படியே அப்பா மூஞ்சி' என்று நாம் சொல்வதை நோயென்று கணினி நினைத்துவிடக் கூடாதே! நல்ல மரபியல் மருத்துவர்கள் குழந்தையை மட்டும் பார்க்கமாட்டார்கள், அப்பா அம்மா முகத்தையும் பார்ப்பார்கள்.

முடிவு? சம்பந்தமில்லாத, பாதிப்பில்லாதவர்களை 96 சதவீதத் துல்லியத்தோடு சரியாக வகைப்படுத்த முடிந்தது. ஆனால் 'இது இன்ன குறைபாடு' என்று சரியான பெயரைச் சொன்னது, எல்லாக் குறைபாடுகளின் சராசரியாகப் பார்த்தால், 49 சதவீதம். பல பெயர்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி சரி என்பது மோசமில்லை, நல்ல எண்தான். ஆனால் தலைப்பில் ஏறுவது எப்போதும் 96.

அந்த 96-ஐக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம், என் தொழில் அதுதானே. ஆய்வில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குக் குறைபாடு இருந்தது. உங்கள் தெருவில் அப்படி இருக்குமா? ஒரு பள்ளியில் 1,000 குழந்தைகள், அவர்களில் 10 பேருக்கு ஏதோ ஒரு குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். இது வெறும் உதாரணக் கணக்குதான். கருவி, இருப்பவரை இருக்கிறது என்பதிலும் இல்லாதவரை இல்லை என்பதிலும் 96 சதவீதம் சரி என்று வசதிக்காக எடுத்துக்கொள்வோம். அந்த 10 பேரில் கிட்டத்தட்ட எல்லோரையும் பிடித்துவிடும். மீதி 990 பேரில் 4 சதவீதம், அதாவது சுமார் 40 குழந்தைகளையும் தவறாகச் சுட்டும். மொத்தம் 50 பெற்றோருக்கு "மேல்பரிசோதனை செய்யணும்" என்று தகவல் போகும். அதில் 40 வீட்டில் குழந்தைக்கு எதுவுமில்லை. கருவி மாறவில்லை, துல்லியம் மாறவில்லை. யாரிடம் பயன்படுத்துகிறோம் என்பது மட்டும்தான் மாறியது.

ஆகவே மரபியல் மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்படும் குழந்தையிடம் 'எந்தத் திசையில் தேடலாம்' என்று கேட்க இது நல்ல உதவியாளர். தெருத்தெருவாக வடிகட்டும் கருவியாக, இப்போதைக்கு இல்லை.

யாருடைய முகம் சராசரி?

2017-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அது 3டி அல்ல, சாதாரண போட்டோவை வைத்து வேலை செய்யும் 'ஃபேஸ்2ஜீன்' என்ற மென்பொருளைப் பற்றியது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெல்ஜியக் குழந்தைகளின் படங்களைக் கொடுத்தபோது 80 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தது. காங்கோ நாட்டுக் குழந்தைகளின் படங்களைக் கொடுத்தபோது 36.8 சதவீதம். டவுன் சிண்ட்ரோம்! உலகத்தில் அதிகம் தெரிந்த, முகத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிற குறைபாடு. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் படங்களைக் கொடுத்து மென்பொருளுக்கு மறுபடி பயிற்சி அளித்ததும் அது 94.7 சதவீதமானது.

அதாவது அந்தக் குழந்தைகளின் முகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. மென்பொருள் அவர்களைப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 'இந்திய முகம்' என்று ஒரு கோப்பு தயாரித்தால் போதுமா? கண்ணின் உள்மூலையில் தோல் மடிப்பு இருப்பது டவுன் சிண்ட்ரோமின் தடயங்களில் ஒன்று. மிசோரத்திலோ மணிப்பூரிலோ நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் பலருக்கு அந்த மடிப்பு இயல்பாகவே உண்டு. டெல்லியில் பயிற்சி பெற்ற மென்பொருளை ஐஸ்வாலில் வைத்தால் தவறாகச் சொல்லும், ஐஸ்வாலில் பயிற்சி பெற்றதைத் திருநெல்வேலியில் வைத்தால் வேறுவிதமாகத் தவறாகச் சொல்லும். வயது, பால், எடை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நாட்டின் எல்லாப் பகுதிக் குழந்தைகளும், குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும், ஒரே முறையில் எடுத்த 3டி பதிவுகளோடு வேண்டும். அதற்குப் பணம் மட்டும் போதாது, பெற்றோரின் நம்பிக்கையும் வேண்டும்.

தென்னிந்தியாவுக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வு-5-ன்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் ரத்த உறவுக்குள் மணந்தவர்கள். அகில இந்திய அளவில் இது 11 சதவீதம்தான். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுப் பிழை குழந்தையிடம் சேரும் வாய்ப்பு கூடுதல். வெளிநாட்டுத் தரவுத்தளங்களில் ஒன்றிரண்டு பேர் மட்டுமே இருக்கும் சில அரிய குறைபாடுகள் நம் பக்கத்தில் அதிகமாகத் தென்படக்கூடும். ஆனால் கருவிக்கு அவை தெரியாது.

இதை ஏன் அவசரமாகப் பேச வேண்டும்? 2013 பிப்ரவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் திட்டத்தில் பிறப்பிலிருந்து 18 வயதுவரை குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நேரே போகும் மருத்துவக் குழுக்கள் உண்டு. டவுன் சிண்ட்ரோம், உதடு, அண்ணப் பிளவு எல்லாம் அவர்கள் தேடும் பட்டியலில் இருக்கின்றன. 2021-ல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ், டெல்லி எய்ம்ஸ், லக்னோ எஸ்ஜிபிஜிஐ போன்ற சிறப்பு மையங்கள் வழியாக நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி கிடைக்கிறது. ஆனால் அந்த வாசலுக்குப் போகவே முதலில் நோயின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரியாமல் ஊர் ஊராக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் குடும்பங்களுக்குத்தான் ஒரு நல்ல கேமராவும் நல்ல தரவும் வருடங்களை மிச்சப்படுத்தும். அந்த மருத்துவக் குழுவின் கையில் ஒரு போன் ஆப் வரப்போவது நிச்சயம் என்றே நான் நினைக்கிறேன். யாருடைய முகங்களில் அது பயிற்சி பெற்றது என்று டெண்டர் ஆவணத்தில் கேட்பார்களா என்பதுதான் என் கவலை.

அந்த ஃபைல் யாருடையது?

பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம். முகம்?

'பெயரை நீக்கிவிட்டுத்தான் சேமிக்கிறோம்' என்பது வழக்கமான பதில். ரத்தப் பரிசோதனை முடிவுக்கு அந்தப் பதில் ஓரளவு பொருந்தும். முகத்துக்குப் பொருந்தாது, முகமே பெயர்தான். 2019-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். 84 தன்னார்வலர்களின் தலை எம்ஆர்ஐ-யிலிருந்து முகத்தின் மேற்பரப்பைக் கட்டமைத்து, கடையில் கிடைக்கும் முக அடையாள மென்பொருளிடம் அவர்களின் சாதாரண போட்டோக்களோடு கொடுத்தார்கள். 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. 83 சதவீதம். மூளையைப் பார்க்க எடுத்த ஸ்கேனிலேயே இது முடிகிறது என்றால், முகத்தையே 0.2 மில்லிமீட்டர் துல்லியத்தில், தோல் நிறத்தோடு எடுத்த பதிவில்?

சட்டம் என்ன சொல்கிறது? 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் மருத்துவப் பதிவும் பயோமெட்ரிக் தகவலும் தனிக் கவனம் வேண்டிய வகையாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. உங்கள் போன் நம்பரும் உங்கள் 3டி முகமும் சட்டத்தின் பார்வையில் ஒரே 'தனிநபர் தரவு'. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் சட்டத்தில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. எந்த நோக்கத்துக்குத் தரவை வாங்குகிறார்கள் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பை எட்டாவது அட்டவணையில் இருக்கும் எந்த மொழியிலும் நீங்கள் கேட்கலாம், தமிழும் அதில் ஒன்று. ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய்வரை அபராதம். சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சி நோக்கத்துக்கு, சில நிபந்தனைகளோடு, சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. மேலே சொன்ன இந்திய முகத் தரவுத்தளம் உருவாக இப்படி ஒரு கதவு தேவைதான். அதே கதவு வழியாக ஒரு அலைனர் கம்பெனி தன் விற்பனை மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு 'ஆராய்ச்சி' என்று சொல்லாமல் இருக்க வேண்டுமே. இன்னொரு பக்கம், 2020 ஏப்ரலிலிருந்து மருத்துவ மென்பொருளும் மருத்துவ சாதனம் என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. நோயைக் கண்டறிய என்று சொல்லி விற்றால் ஒழுங்குமுறை உண்டு. 'அழகு ஆலோசனை' என்று சொல்லி விற்கும் ஆப்கள் இந்த எல்லைக்கு வெளியே நின்றுகொள்ளப் பார்க்கும்.

அடுத்த முறை ஸ்டூலில் உட்காரும் முன்

கருவியின் பெயரைக் கேளுங்கள், தனிக் கேமராவா போன் ஆப்பா என்று தெரிந்துவிடும். உங்கள் முகத்தை எந்தச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். 'உங்க மூக்கு நார்மலைவிட 3 மில்லிமீட்டர் அகலம்' என்று யாராவது சொன்னால், எந்த ஊர் நார்மல் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஃபேஷியலுக்கும் ஃபில்லருக்கும் போன இடத்தில் திரையில் காட்டும் 'பிறகு' படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், அது கணிப்பா விளம்பரமா என்று உடனே தெரிந்துவிடும். சிகிச்சைக்கான ஒப்புதலும் படத்தை வேறு எதற்காவது பயன்படுத்துவதற்கான ஒப்புதலும் தனித்தனிக் கையெழுத்தாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பிளவு சிகிச்சை நடக்கிறதென்றால் ஒவ்வொரு முறை எடுக்கும் 3டி பதிவின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடத்தில் கிளினிக் மாறும், கம்பெனி மூடும். ஓபிஜே, எஸ்டிஎல் என்ற பொதுவான வடிவங்களில் கேட்டால் எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

நானும் கேட்டேன். அலைனர் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, என் 3டி ஃபைலின் நகலைக் கொடுங்கள், உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள் என்று மெயில் போட்டேன். மூன்று வாரம், இரண்டு நினைவூட்டல் கழித்து நகல் வந்தது. வீட்டில் லேப்டாப்பில் திறந்து சுற்றிக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாடை உங்க தாத்தா மாதிரி, அவருக்கும் இப்படித்தான் ஒருபக்கம் இருக்கும்" என்றார். அழித்தீர்களா என்ற கேள்விக்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை.